தொழிலாளிக்கும் ஒரு வாரம் வெயில்: பெனிடோர்ம் ஏன் வானத்தை நோக்கி வளர்ந்தது

லெவாந்தே கடற்கரையில் பொழுது விடியும் முன்பே டிராக்டர்கள் மணலைச் சலித்து, சீப்பால் வாரியதுபோல வரிவரியாக விட்டுப் போயிருக்கும். அந்த வரிகள்மேல் முதலில் கால் பதிப்பவர்கள் இளைஞர்கள் அல்ல, எழுபதைத் தாண்டியவர்கள். ஒரு கையில் மடக்கு நாற்காலி, தோளில் குடை, மறு கையில் துண்டு வைத்த பை. அலை வந்து தொடும் இடத்துக்குப் பக்கத்தில், முதல் வரிசையில் இடம் பிடிப்பதற்குத்தான் இந்த அவசரம். குடையை நட்டுவிட்டு அறைக்குத் திரும்பி, காலை உணவை முடித்துக்கொண்டு நிதானமாக வரலாம் என்பது கணக்கு. நகராட்சி இதைத் தடை செய்திருக்கிறது. ஆளில்லாமல் நிற்கும் குடைகளைக் காவலர்கள் எடுத்துப் போய்விடுவார்கள், மீட்க வேண்டுமானால் அபராதம் கட்ட வேண்டும். அப்படியும் ஒவ்வொரு கோடையிலும் இந்தக் காட்சி மாறுவதில்லை.

அவர்களுக்குப் பின்னால் நிற்கிறது பெனிடோர்ம். முப்பது மாடி, நாற்பது மாடி, ஐம்பது மாடி. ஸ்பெயினின் கிழக்குக் கரையில், அலிகாந்தே நகருக்கு வடக்கே, மலைக்கும் கடலுக்கும் நடுவே நெருக்கியடித்து நிற்கும் கோபுரங்கள். ஊரில் நிரந்தரமாக வாழ்பவர்கள் சுமார் 70,000 பேர். ஆகஸ்டு மாதம் வந்துவிட்டால் அங்கே தங்கியிருப்பவர்கள் 3 லட்சத்தைத் தாண்டுவார்கள்.

ஐரோப்பாவில் இந்த ஊரின் பெயரைச் சொன்னால் பலரும் முகம் சுளிப்பார்கள். கான்கிரீட் காடு, மலிவு பீர், குடித்துவிட்டு ஆடும் கூட்டம் என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். கூட்டமும் பீரும் உண்மைதான். ஆனால் அதோடு கதை முடிந்துவிடவில்லை. மலைத்தொடர்ச்சியை வீடுகளால் மூடாமல், இருக்கிற தண்ணீரை வைத்துக்கொண்டு, நூற்பாலைத் தொழிலாளியும் பேருந்து ஓட்டுநரும் ஓய்வூதியக்காரரும் ஒரு வாரம் கடலோரம் தங்குவதற்கு வழி செய்த ஊர் இது. எல்லோரும் கேலி செய்யும் அந்த உயரம்தான் இந்த ஊர் செய்த நல்ல காரியம் என்பது என் கருத்து. இந்த ஊரிடம் கேட்க வேண்டிய கேள்வி வேறு இருக்கிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

1950இல் இங்கே மூவாயிரத்துக்கும் குறைவான மக்களே இருந்தார்கள். மீனவர்கள், மாலுமிகள், கொஞ்சம் பாதாம், ஆலிவ், எலுமிச்சைத் தோட்டங்கள். கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு பாறை மேட்டின்மேல் வெள்ளை வீடுகள், நடுவே நீலக் குவிமாடம் கொண்ட தேவாலயம். அந்த மேட்டின் இருபுறமும் இரண்டு கடற்கரைகள். கிழக்கே சுமார் 2 கிலோமீட்டர் நீளத்துக்கு லெவாந்தே, மேற்கே சுமார் 3 கிலோமீட்டருக்குப் பொனியெந்தே. சூரியன் எழும் பக்கம், சாயும் பக்கம் என்பதுதான் இந்தப் பெயர்களின் பொருள்.

ஊருக்குப் பேர் வாங்கித் தந்தது அல்மத்ராபா என்ற சூரை மீன்பிடி முறை. மத்தியதரைக் கடலுக்கு முட்டையிட வரும் சூரைக் கூட்டத்தின் வழியில், கடலடியில் நங்கூரமிட்டு அறை அறையாக வலையை நிறுத்துவார்கள். மீன் ஒவ்வோர் அறையாக உள்ளே போய்க் கடைசி அறையில் சிக்கும். நீரோட்டமும் மீனின் போக்கும் கைரேகைபோலத் தெரிந்தால்தான் இந்த வலையை இறக்க முடியும். பெனிடோர்மின் வலைத்தலைவர்களைப் பிற ஊர்க் கடற்கரைகளுக்கும் கூப்பிட்டு அழைத்துப் போனார்கள். 1950களின் தொடக்கத்தில் அந்தத் தொழில் நொடித்துப்போனது. ஆண்களில் பலர் சரக்குக் கப்பல்களில் வேலைக்குப் போய்விட்டார்கள். ஊரில் மீதமிருந்தவை வெயிலும் மணலும்.

அந்த வெயிலும் சாதாரண வெயில் இல்லை. விரிகுடா தெற்கு நோக்கித் திறந்திருக்கிறது. வடக்கே 1,400 மீட்டருக்கும் மேல் உயர்ந்த புய்ச் கம்பானா மலை குளிர்காற்றைத் தடுக்கிறது. அந்த மலையுச்சியில் சதுரமாக வெட்டி எடுத்ததுபோல ஒரு பள்ளம் தெரியும். ரோல்தான் என்ற அரக்கன் தன் காதலியின் உயிர் சூரியன் மறைந்ததும் பிரிந்துவிடும் என்று அறிந்து, கடைசிக் கதிர் இன்னும் கொஞ்ச நேரம் அவள்மேல் விழட்டும் என்று மலையை வெட்டினானாம். வெட்டிய துண்டு உருண்டு கடலில் விழுந்து, எதிரே தெரியும் சின்னத் தீவானது என்பது ஊர்க்கதை. அந்த மலையின் காவலால் ஜனவரி மாதப் பகலிலும் இங்கே 16, 17 டிகிரி இருக்கும். வெயிலைக் கண்டால் நிழல் தேடுகிற நமக்கு இதன் மதிப்பு சட்டென்று புரியாது. நவம்பரில் மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும் ஊர்களில் வாழ்கிறவர்களைக் கேட்டால் தெரியும்.

இந்த இடத்தில்தான் பெத்ரோ சரகோசா வருகிறார். மாலுமிக் குடும்பத்தில் 1922இல் பிறந்தவர். 1950இல், இருபத்தெட்டு வயதில் மேயரானார். தேர்தலில் ஜெயித்து அல்ல. அது ஃபிராங்கோவின் சர்வாதிகாரக் காலம், நியமனம்தான். மீன்பிடி போய்விட்டது, இனி ஆட்களைத்தான் வரவழைக்க வேண்டும் என்று அவர் முடிவெடுத்தார். லாப்லாந்திலிருந்து பனிப் பிரதேசவாசிகளை அவர்களுடைய பாரம்பரிய உடையிலேயே வரவழைத்து, ஊர் பார்க்க வைத்து, அதையே விளம்பரமாக்கியவர் அவர். 1959இல் தொடங்கிய பெனிடோர்ம் பாட்டுப் போட்டிக்கும் இதே நோக்கம்தான். 1968இல் அதில் வென்ற ஓர் இளைஞன் பிற்பாடு உலகமெங்கும் அறியப்பட்ட ஹூலியோ இக்லேசியாஸ்.

சரகோசாவைப் பற்றி எல்லோரும் சொல்வது பிகினி கதை. 1950களின் ஸ்பெயினில் கடற்கரையில் பிகினி அணிந்தால் காவலர்கள் அபராதம் போடுவார்கள். பெனிடோர்ம் மட்டும் அதை அனுமதித்தது. வலென்சியாவின் பேராயர் கொதித்துப்போய், மேயரைக் கத்தோலிக்கத் திருச்சபையிலிருந்து விலக்கவே முனைந்தாராம். அந்த நாளில் சபை விலக்கம் என்றால் பதவி மட்டுமல்ல, ஊரில் முகம் காட்டும் மரியாதையும் போய்விடும். சரகோசா தன் வெஸ்பா ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு, விடியற்காலையில் கிளம்பி, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓட்டி, மாட்ரிட்டில் ஃபிராங்கோவையே நேரில் பார்த்துப் பேசினாராம். கால்சட்டையில் எஞ்சின் எண்ணெய்க் கறையோடு. சர்வாதிகாரி தலையசைத்தார், விலக்கம் நின்றது. இது சரகோசா தன் வாயாலேயே பல தடவை சொன்னது. ஆவணம் எங்கே என்று கேட்கும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். ஸ்கூட்டர் ஓடியதோ இல்லையோ, பிகினி தங்கிவிட்டது.

ஃபிராங்கோ தலையசைத்ததற்கு ஸ்கூட்டர் பயணத்தைவிடப் பெரிய காரணம் ஒன்று இருந்தது. உள்நாட்டுப் போருக்குப் பிறகு உலகத்திலிருந்து ஒதுங்கிக் கிடந்த ஸ்பெயினிடம் அந்நியச் செலாவணி கிட்டத்தட்ட வற்றிப்போயிருந்தது. 1959இல் அரசு பொருளாதாரக் கதவைத் திறந்தது. டாலருக்கு 42 பெசெத்தா என்றிருந்த தன் நாணயத்தின் மதிப்பை, டாலருக்கு 60 பெசெத்தா என்று குறைத்தது. அதாவது, வெளிநாட்டுக்காரருக்கு ஸ்பெயின் ஒரே நாளில் மலிவாகிவிட்டது. கரன்சியோடு வருகிறவர் எந்த உடையில் குளித்தால் என்ன என்ற நிலைக்கு ஆட்சி வந்தாகிவிட்டது. 1960இல் சுமார் 60 லட்சம் வெளிநாட்டுப் பயணிகள் வந்தார்கள். 1973இல் அது 3 கோடியே 40 லட்சம். ஒரு சர்வாதிகாரம் தன் பணத் தேவைக்காகத் திறந்துவிட்ட கதவு வழியாகத்தான் இந்த நெரிசல் எல்லாம் உள்ளே வந்தது. அதை மறந்துவிட்டு இந்தக் கதையைச் சொல்லக் கூடாது.

மறுமுனையில் இங்கிலாந்து. சம்பளத்தோடு விடுமுறை என்பது அங்கே 1938இல் சட்டமானது. போருக்குப் பிறகு ஆலைத் தொழிலாளர்கள் வருடத்துக்கு ஒன்றிரண்டு வாரம் கையில் காசோடு ஓய்வெடுக்க முடிந்தது. லங்காஷயரில் ஓர் ஊரின் ஆலைகள் எல்லாம் ஒரே வாரத்தில் மூடும், ஊரே ரயிலேறி பிளாக்பூல் கடற்கரைக்குப் போகும். அங்கே மழை பெய்தால் அந்த வருட விடுமுறை அவ்வளவுதான். அடுத்த மழையில்லா வாரத்துக்கு இன்னும் ஒரு வருடம் காத்திருக்க வேண்டும்.

இந்த இரண்டு முனைகளையும் இணைத்தது பேக்கேஜ் பயணம். விமானம், பேருந்து, அறை, சாப்பாடு எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே விலை. இதன் சூட்சுமம் விமான இருக்கையில் இருக்கிறது. சனிக்கிழமை காலை ஒரு கூட்டத்தை இறக்கிவிடும் விமானம் போன வாரம் வந்த கூட்டத்தை ஏற்றிக்கொண்டு திரும்பும். எந்தப் பக்கமும் இருக்கை காலியாகப் பறப்பதில்லை. ஆனால் இது நடக்க வேண்டுமானால் ஒரு விமானம் நிறைய ஆட்கள் ஒரே நாளில் காலி செய்யும், ஒரே நாளில் நிரப்பும் அளவுக்கு ஓட்டல் பெரிதாக இருக்க வேண்டும். இருபது அறை விடுதிகளை வைத்துக்கொண்டு இந்த வியாபாரம் நடக்காது. அதனால் பயண நிறுவனங்களே ஸ்பெயின் ஓட்டல்காரர்களுக்கு முன்பணம் கொடுத்தன. அந்தப் பணத்தில் கட்டிடம் எழும்பியது. பதிலுக்குப் பல வருடங்களுக்கு அறைகளைக் குறைந்த விலைக்கு நிறுவனத்துக்கு விட வேண்டும். ஓட்டல் யாருடையது என்று கேட்டால் பட்டாவில் ஒரு பெயர் இருக்கும், பிடி வேறொருவர் கையில் இருக்கும்.

இதற்கும் தடைகள் இருந்தன. 1966 முதல் 1970 வரை இங்கிலாந்துக்காரர் ஒருவர் வெளிநாட்டுச் செலவுக்கு 50 பவுண்டுக்கு மேல் எடுத்துப் போக முடியாது. சாப்பாடும் அறையும் முன்கூட்டியே ஒரே விலையில் அடங்கிவிடும் பயணத்தை மக்கள் விரும்பியதற்கு இதுவும் ஒரு காரணம். அப்புறம், வழக்கமான விமானக் கட்டணத்துக்குக் கீழே பேக்கேஜ் விலை இறங்கக் கூடாது என்ற விதியும் இருந்தது. 1970களின் தொடக்கத்தில் அது தளர்ந்ததும் விலை சரிந்தது. அலிகாந்தேயின் புதிய விமான நிலையம் 1967இலேயே திறந்து தயாராக இருந்தது. அங்கிருந்து பெனிடோர்முக்குப் பேருந்தில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. 1974 ஆகஸ்டில், விலையைக் குறைத்துக் குறைத்தே பெரிதான கிளார்க்சன்ஸ் என்ற பயண நிறுவனம், அதன் தாய் நிறுவனமான கோர்ட் லைனோடு சேர்ந்து திவாலானது. பல்லாயிரம் பேர் வெளிநாட்டில் சிக்கிக்கொண்டார்கள். காசு கட்டிவிட்டுக் காத்திருந்தவர்கள் இன்னும் அதிகம். இன்று இங்கிலாந்தில் பேக்கேஜ் வாங்குகிறவர்களின் பணத்துக்கு இருக்கும் பாதுகாப்புகள் அந்தக் காலத்து அடிகளிலிருந்து பிறந்தவைதான்.

இனி உயரத்துக்கு வருவோம். வந்த கூட்டத்துக்கு இடம் கொடுக்க ஸ்பெயினின் கடற்கரை ஊர்கள் பலவும் கண்ட இடத்தில் கட்டின. பெனிடோர்ம் 1956இலேயே ஊர் முழுவதற்கும் ஒரு பெருந்திட்டம் போட்டுவிட்டது. அகலமான சாலைகள், கட்டிடத்தைச் சுற்றி விட வேண்டிய இடம் என்று எல்லாம் அதில் உண்டு. முதலில் யாரும் கோபுரம் கட்ட நினைக்கவில்லை. தோட்டம் சூழ்ந்த தாழ்வான வீடுகள்தான் கற்பனை. 1963இல் செய்த திருத்தம்தான் ஊரின் தலையெழுத்தை மாற்றியது. உயரத்துக்கு இருந்த வரம்பு எடுக்கப்பட்டது.

இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். உயர வரம்பு போனதால் இஷ்டத்துக்குக் கட்டலாம் என்று ஆகிவிடவில்லை. ஒரு மனையில் மொத்தம் எவ்வளவு கட்டலாம் என்பதற்குக் கணக்கு இருந்தது. பத்தாயிரம் சதுர மீட்டர் தளப்பரப்பு கட்டலாம் என்று வைத்துக்கொள்வோம். அதை நான்கு மாடியாகப் பரப்பினால் தரையில் 2,500 சதுர மீட்டர் மூடிப்போகும். இருபது மாடியாக உயர்த்தினால் 500 போதும். மீதி மண்ணில் நீச்சல் குளம், மரம், நிழல். பக்கத்துக் கட்டிடத்துக்குக் காற்றும், பின்வரிசைக்காரருக்கு இடுக்கு வழியே ஒரு துண்டுக் கடலும் கிடைக்கும். கடலைப் பார்த்து மதில்போலக் கட்டிடங்களை ஒட்டி ஒட்டிக் கட்டிய பிற ஊர்களில் இரண்டாம் வரிசைக்கு அந்தக் கடலும் கிடையாது.

இன்னொன்று, நடை. பெனிடோர்மில் எந்த ஓட்டலிலிருந்தும் கடற்கரைக்கு நடந்தே போய்விடலாம். மளிகைக் கடை, மருந்துக் கடை, காபிக் கடை எல்லாம் காலடியில். கார் வேண்டாம். மலைச்சரிவெங்கும் தனித்தனி வீடாக, வீட்டுக்கொரு நீச்சல் குளமாகப் பரவியிருக்கும் குடியிருப்புகளில் ஒரு ரொட்டி வாங்கக்கூடக் காரை எடுக்க வேண்டும். பார்வைக்கு அவை அழகாக இருக்கின்றன, பத்திரிகைப் படத்துக்கு நன்றாக இருக்கின்றன. ஆனால் அந்த அழகுக்காக அழிந்த பாதாம் தோட்டங்களின் பரப்பைக் கணக்கில் எடுத்தால் என் ஓட்டு கோபுரத்துக்குத்தான். பெனிடோர்மின் கிழக்கு முனையில் கடலுக்கு மேல் செங்குத்தாக நிற்கும் செர்ரா ஹெலாதா குன்று 2005இல் இயற்கைப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. கோபுரங்கள் முடியும் இடத்திலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் பாறையும் பைன் மரமும் கடல்பறவைச் சத்தமும்தான். கிடைமட்டமாக வளர்ந்த ஊருக்கு இந்தக் குன்று மிஞ்சியிருக்குமா என்பது சந்தேகமே.

கோபுரங்களில் பேர்போனவை இரண்டு. ஒன்று கிரான் ஹோட்டல் பாலி. 186 மீட்டர் உயரம். 1988இல் ஆரம்பித்து, கையில் பணம் சேரச் சேரக் கட்டி, 2002இல் திறந்தார்கள். மற்றது இன்டெம்போ. இரட்டைக் கோபுரம், 47 மாடி, இரண்டையும் மேலே ஒரு பெரிய கூம்பு இணைக்கிறது. 2007இல் வேலை தொடங்கியது. அடுத்த வருடமே ஸ்பெயினின் கட்டுமானச் சந்தை சரிந்தது. கட்டியவர்கள் திவாலாகி, வருடக்கணக்கில் எலும்புக்கூடாக நின்று, கைமாறி, 2021இல்தான் ஆட்கள் குடியேறினார்கள். இடையில் 2013இல், “47 மாடிக்கு லிஃப்ட் வைக்க மறந்துவிட்டார்கள்” என்ற செய்தி உலகம் முழுக்கச் சுற்றியது. அது தவறான செய்தி. லிஃப்ட் வரைபடத்திலும் இருந்தது, கட்டிடத்திலும் இருந்தது. பெனிடோர்ம் என்றால் அப்படித்தான் செய்வார்கள் என்று நம்ப உலகமே தயாராக இருந்ததுதான் எனக்கு வருத்தம். இதே கதையை பாரிஸைப் பற்றிச் சொல்லியிருந்தால் யாராவது ஒருவர் சரிபார்த்திருப்பார்.

தண்ணீர்தான் இந்த ஊரின் உண்மையான சோதனை. மழை குறைந்த வறண்ட கரை இது. 1978இல் அணைகள் வற்றி, கப்பல்களில் குடிநீர் கொண்டுவந்து ஊற்ற வேண்டிய நிலை வந்தது. குழாயில் தண்ணீர் வராத ஓட்டலுக்கு யார் வருவார்கள்? அந்த அடி ஊரை மாற்றியது. சுற்றுவட்டார ஊர்கள் சேர்ந்து அமைத்த தண்ணீர்க் கூட்டமைப்பு விவசாயிகளோடு ஓர் ஏற்பாட்டுக்கு வந்தது. ஓட்டல்களின் கழிவுநீரைச் சுத்திகரித்துத் தோட்டங்களுக்கு அனுப்புவது, அதற்கு ஈடாக விவசாயிகளுக்கு உரிமையான நல்ல தண்ணீரை ஊர் குடிநீராக எடுத்துக்கொள்வது. பணமும் கைமாறும், குழாய்ச் செலவைக் கூட்டமைப்பு ஏற்கும். குவாதலெஸ்த், அமதோரியோ அணைகளின் நீர் குளியலறைக்கு வருகிறது, குளியலறை நீர் சுத்தமாகி எலுமிச்சை, லோக்வாட் மரங்களின் வேருக்குப் போகிறது. நகரம் விவசாயியின் தண்ணீரைப் பிடுங்கிக்கொண்ட கதைகளை நிறையக் கேட்டிருக்கிறோம். இங்கே உட்கார்ந்து பேசி மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். வறட்சி வரும்போதெல்லாம் உரசலும் வரும். ஆனாலும் பல பத்தாண்டுகளாக அந்த ஏற்பாடு ஓடிக்கொண்டிருக்கிறது.

இங்கேயும் உயரம் கைகொடுக்கிறது. அடுக்கு ஓட்டலில் தங்குபவர் குளிப்பார், குடிப்பார், நூறு பேரோடு ஒரே குளத்தில் நீந்துவார். தனி வீட்டில் தங்குபவருக்குத் தனிக் குளம், தனிப் புல்வெளி. ஆள் கணக்கில் பார்த்தால் இரண்டாமவருக்குத்தான் அதிகத் தண்ணீர் என்று அலிகாந்தே பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நெடுநாளாகச் சொல்லிவருகிறார்கள். குழாய் குறுகிய பரப்புக்குள் முடிந்துவிடுவதால் கசிவைக் கண்டுபிடிப்பதும் சுலபம்.

இனி விடுமுறைக்கு வருகிறவர்களைப் பார்ப்போம். ஊர் ஒன்று, நாட்கள் இரண்டு. ஆங்கிலேயர்களுக்குக் காலை பன்றி இறைச்சியும் முட்டையும் பீன்ஸும், மாலை ஆறரைக்கு இரவுச் சாப்பாடு. லெவாந்தேயின் கிழக்கு முனை, ரின்கோன் தே லோயிஷ் பகுதி அவர்களுடையது. அங்கே கடைப்பலகை முழுக்க ஆங்கிலம். ஸ்பானியர்கள் மதியம் இரண்டு மணிக்குமேல் சாப்பிட்டு, சின்னத் தூக்கம் போட்டு, இரவு ஒன்பதுக்கு மேல் மறுபடி மேசைக்கு வருவார்கள். பொனியெந்தே பக்கம் அவர்கள் கூடும் இடம். பழைய ஊரின் குறுகிய சந்துகளில் நின்றுகொண்டே தாப்பாஸ் என்ற சின்னச் சின்னத் தட்டுத் தின்பண்டங்களைத் தின்பதும் அவர்கள் வழக்கம். பொனியெந்தேயின் ஓரத்தில் 2009இல் திறந்த நடைபாதை, கார்லோஸ் ஃபெர்ரேத்தர் குழு வடிவமைத்தது. அலைபோல வளைந்து வளைந்து, நீலம், பச்சை, மஞ்சள், சிவப்பு ஓடுகளில் ஒன்றரைக் கிலோமீட்டர். மாலை எட்டு மணிக்கு அங்கே பாட்டி, மகள், பேத்தி என்று கைகோத்து நடக்கும் குடும்பங்களைப் பார்த்தால், இது குடிகாரர்களின் ஊர் என்று சொல்ல வாய் வராது.

மூன்றாவதாக ஒரு கூட்டமும் உண்டு. 1985 முதல் ஸ்பெயின் அரசு முதியவர்களுக்கு மானியத்தில் விடுமுறைப் பயணம் ஏற்பாடு செய்கிறது. இம்செர்சோ என்பது அதன் பெயர். அக்டோபரிலிருந்து வசந்தம் வரை, மற்றக் கடற்கரை ஊர்கள் கதவைச் சாத்திக் கிடக்கும்போது, காஸ்தில்யா, கலீசியா கிராமங்களிலிருந்து முதியவர்கள் பேருந்தில் வந்து இறங்குவார்கள். மதியத்துக்குமேல் ஓட்டல் கூடத்தில் ஜோடி ஜோடியாக நடனம். கணவரை இழந்த பெண்கள் இருவராகச் சேர்ந்து ஆடுவார்கள். வாழ்நாளில் முதல் தடவையாகக் கடல் பார்த்தவர்கள் இந்தத் திட்டத்தில் எத்தனையோ பேர். அரசு கொடுக்கும் தொகை மிகக் குறைவு என்பது ஓட்டல்காரர்களின் பழைய குறை. முழுச் சாப்பாட்டோடு ஆளுக்கு ஒரு நாளைக்கு 25 யூரோவுக்கும் கீழேதான் பல வருடங்கள் கொடுத்து வந்தது. ஆனால் இந்தக் கூட்டம் வருவதால்தான் குளிர்காலத்திலும் ஓட்டல் திறந்திருக்கிறது, பணியாளருக்கு வேலை இருக்கிறது. ஆறு மாத வேலை, ஆறு மாத வேலையின்மை என்பதுதான் ஐரோப்பாவின் பெரும்பாலான கடற்கரை ஊர்களின் சாபம்.

பிரெக்ஸிட்டுக்குப் பிறகு, அதாவது ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு பிரிட்டன் விலகிய பிறகு, ஒரு மாற்றம் வந்திருக்கிறது. குளிர்காலம் முழுவதையும் இங்கே கழித்துவந்த ஆங்கிலேய ஓய்வூதியக்காரர்கள் இப்போது 180 நாளில் 90 நாள்தான் தங்க முடியும். அக்டோபரில் வந்து ஏப்ரலில் திரும்புவது குடியிருப்பு அனுமதி இல்லாமல் நடக்காது. லண்டன், பர்மிங்காம் பக்கம் வாழும் தமிழ்க் குடும்பங்கள் அங்கே போக நினைத்தால் ஒரு வார்த்தை. பள்ளி விடுமுறையின் ஆறு வாரத்தில் விலையும் நெரிசலும் உச்சத்தில் இருக்கும். சின்னப் பிள்ளைகள் மட்டும் உள்ளவர்கள் மே கடைசியிலோ செப்டம்பர் நடுவிலோ போகலாம். செப்டம்பரில் கடல் நீர் கோடைச் சூட்டை இன்னும் இழந்திருக்காது. ஓட்டல் எந்த முனையில் இருக்கிறது என்று வரைபடத்தில் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். ரின்கோனில் இரவு இரண்டு மணிக்கும் பாட்டு கேட்கும், பொனியெந்தேயின் மேற்கு முனையில் அலைதான் கேட்கும். அலிகாந்தேயிலிருந்து கடலோரமாக வரும் டிராமில் ஒரு தடவையாவது போய்ப் பாருங்கள். பேருந்தைவிட மெதுவாகத்தான் போகும், ஆனால் ஜன்னல் நிறையக் கடல்.

சரி, கேட்க வேண்டிய கேள்வி என்று ஆரம்பத்தில் சொன்னேனே. இந்த மலிவு விடுமுறையின் பாரத்தை யார் சுமக்கிறார்கள் என்பதுதான் அது. 2024இல் ஸ்பெயினுக்கு 9 கோடியே 30 லட்சத்துக்கும் மேற்பட்ட வெளிநாட்டினர் வந்தார்கள். அதே வருடம் கனேரித் தீவுகளிலும் மயோர்காவிலும் பார்சிலோனாவிலும் உள்ளூர் மக்கள் தெருவில் இறங்கினார்கள். வீடுகள் சுற்றுலா வாடகைக்குப் போய்விடுகின்றன, எங்கள் பிள்ளைகளுக்கு வாடகை கொடுத்துக் குடியிருக்க வழியில்லை என்பது அவர்கள் குரல். பெனிடோர்மில் அந்த அளவுக்குக் கோபம் வெடிக்கவில்லை. சுற்றுலாவுக்காகவே கட்டிய ஊர், பயணிகள் பெரும்பாலும் ஓட்டலில் தங்குகிறார்கள். ஆனால் அங்கேயும் ஓட்டலில் வேலை செய்கிறவருக்கு ஊருக்குள் வீடு கிடைப்பது கஷ்டமாகிவிட்டது. பலர் லா நுசியா, வில்லஹொயோசா போன்ற பக்கத்து ஊர்களிலிருந்து வந்து போகிறார்கள்.

அந்த வேலைகளில் யார் கண்ணிலும் படாதது அறை சுத்தம் செய்யும் வேலை. செய்கிறவர்கள் கிட்டத்தட்ட எல்லோரும் பெண்கள். காலை எட்டு மணிக்குத் தள்ளுவண்டியோடு நடைகூடத்தில் நுழைந்தால், ஒரு நாளில் இருபது அறைக்கு மேல் முடிக்க வேண்டியிருக்கும். ஓர் அறை என்றால் இரண்டு படுக்கை, ஒரு குளியலறை, பால்கனி. குடும்பம் காலி செய்த அறையில் மணல் எல்லா மூலையிலும் இருக்கும். மெத்தையை ஒரு கையால் தூக்கி மறு கையால் விரிப்பைச் செருக வேண்டும், படுக்கைக்கு நான்கு மூலை. நாள் முடிவதற்குள் எத்தனை தடவை குனிந்து நிமிர்கிறார்கள் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஸ்பெயின் முழுக்க இந்தப் பெண்கள் 2010களில் ஒன்றுசேர்ந்து தங்களுக்குக் கெல்லிஸ் என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். “லாஸ் கே லிம்பியான்”, சுத்தம் செய்கிறவர்கள், என்பதைச் சுருக்கி வந்த பெயர். பெனிடோர்ம் கிளை அதில் குரல் உயர்ந்த கிளைகளில் ஒன்று. 2018 ஏப்ரலில் அன்றைய பிரதமர் ரஹோய் இவர்களின் பிரதிநிதிகளை மாட்ரிட்டில் சந்தித்தார். மணிக்கட்டிலும் முழங்கையிலும் வரும் நோய்கள் இந்த வேலையால் வருபவை என்று அதே வருடம் ஏற்றுக்கொள்ளப்பட்டது.

மயோர்காவும் இபிசாவும் அடங்கிய பலேரிக் தீவுகள் 2022இல் ஒரு சட்டம் போட்டன. ஓட்டல் படுக்கைகளை உயர்த்தி இறக்கும் வசதியோடு மாற்ற வேண்டும் என்பது அதில் ஒரு பிரிவு. மிதியை அழுத்தினால் படுக்கை இடுப்பு உயரத்துக்கு எழும்பி வரும், விரிப்பு மாற்றுகிற பெண் குனிய வேண்டாம். அந்தச் சட்டம் தீவுகளோடு நின்றுவிடுகிறது. எதிர்க்கரையில் இருக்கும் பெனிடோர்ம் வலென்சியப் பிரதேசத்தின் கீழ் வருகிறது. ஆயிரக்கணக்கான படுக்கைகள், அவற்றில் ஒவ்வொன்றின் நான்கு மூலைகள், தினமும் காலை எட்டு மணி.